அண்ணன் ஓர் அறையில், தங்கை ஓர் அறையில்

நான் கடைசியாக வேலை பார்த்த சேலம் ஸ்டுடியோவில் போன மாதம் பேட்ச் பே என்கிற வயர் மாற்றும் பலகையைக் கழற்றிவிட்டார்கள். இனி எல்லாம் கம்ப்யூட்டருக்குள்ளேயே நடந்துவிடுமாம். கழற்றிய பிள்ளைகள் போன் செய்து, "அம்மா, இத்தனை ஓட்டையையும் வச்சுக்கிட்டு நீங்க என்னதான் பண்ணினீங்க? எழுதிக் கொடுங்களேன்" என்றார்கள். எனக்கு அதில் வருத்தம் ஒன்றும் இல்லை. மழைக்காலம் வந்தால் அந்த ஓட்டைகளின் பித்தளையில் களிம்பு படரும். ஒவ்வொன்றாகத் துடைத்துத் துடைத்து என் விரல் நுனியெல்லாம் கறுத்துக் கிடந்தது. போனது நல்லதுதான். ஆனால் கேட்டுவிட்டார்கள். கேட்டதற்குப் பதில் சொல்ல வேண்டுமே.

நான் இந்தத் தொழிலுக்கு வந்தது தொலைபேசி வழியாக. தருமபுரியில் தற்காலிக ஆபரேட்டராகச் சில காலம் இருந்தேன். எதிரே பெரிய பலகை, அதில் வரிசை வரிசையாகத் துளைகள், கையில் கயிறு போட்ட பிளக்குகள். பாலக்கோட்டிலிருந்து ஒருவர் பெங்களூர் கேட்டால், இந்தத் துளையிலிருந்து எடுத்து அந்தத் துளையில் சொருக வேண்டும். தானாக எண் சுழற்றிப் பேசும் இயந்திரம் வந்ததும் எங்களைப் போன்ற தற்காலிகக்காரர்களுக்கு வேலை முடிந்தது. அப்போதுதான் யூசுப் பாய் ஆள் தேடுகிறார் என்று கேள்விப்பட்டேன்.

யூசுப் பாய்க்குக் கடைவீதியில் ரேடியோ, கேசட் கடை. கடைக்கு மேல்மாடியில் ஒலிப்பதிவுக்கென்று மூன்று அறைகளை எடுத்து வைத்திருந்தார். தெருப்பக்கத்துப் பெரிய அறையில் சுவரெல்லாம் ஜமுக்காளம் அடித்து மைக் வைத்திருந்தது. நடுவில் ஒடுக்கமான அறை. ஒலிகளைக் கலக்கும் மிக்ஸரும் டேப் மிஷினும் அங்கே. கடைசி அறை கேசட் பெட்டிகள் அடுக்கும் கிடங்கு. நடு அறைக்கும் பெரிய அறைக்கும் இடையில் கண்ணாடி ஜன்னல். கிடங்குக் கதவிலும் ஒரு சின்னக் கண்ணாடி உண்டு. நடு அறையில் நின்றால் இரண்டு பக்கமும் தெரியும்.

முதல் நாள் அவர் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. சுவரில் பொருத்தியிருந்த ஒரு பலகையைக் காட்டினார். பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. நான் விட்டுவிட்டு வந்த அதே பலகை. பழைய டெலிபோன் சாமான் ஏலத்தில் எடுத்து வந்து ஸ்டுடியோவுக்கு மாட்டியிருந்தார்.

"தெரியுதா விஜயாம்மா?" என்றார்.

"இதுலதாங்க பாய் ரெண்டு கையும் வளர்ந்துச்சு" என்றேன்.

"அப்ப சரி. உக்காரு."

பேட்ச் பே என்பது இவ்வளவுதான். மைக், மிக்ஸர், எதிரொலிப் பெட்டி, டேப் மிஷின் என்று எல்லாவற்றின் முதுகிலிருந்தும் வரும் வயர்களை ஒரே பலகைக்குக் கொண்டுவந்து விடுவார்கள். மேல் வரிசைத் துளையில் ஒரு கருவியிலிருந்து வெளியே வரும் ஒலி. அதற்கு நேர் கீழே அடுத்த கருவிக்குள் போகும் வழி. நீங்கள் எதையும் சொருகாமல் விட்டால் ஒலி மேலிருந்து கீழே தானாக இறங்கிப் போய்க்கொண்டிருக்கும். கீழ்த் துளையில் ஒரு பிளக்கைச் சொருகினால் அந்தப் பழைய வழி அறுந்து, பிளக் எங்கிருந்து வருகிறதோ அந்த ஒலி மட்டும் உள்ளே போகும். மிஷின்களின் முதுகுப்பக்கம் தலையை விட்டு வயரைப் பிடுங்கி மாற்றிக்கொண்டிருக்க வேண்டாம்.

எங்கள் இடத்தில் பிளக் ஒவ்வொன்றும் ஒரு ஜாதி. மைக்குக்கு மூன்று முள் வைத்த, சொருகினால் பூட்டிக்கொள்ளும் கனெக்டர். டேப் மிஷினுக்குச் சின்ன ஆர்.சி.ஏ. பின். வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டுவந்து விற்ற டெக்குக்கு ஐந்து முள் வட்ட பின். ஹெட்போனுக்குக் கால் இஞ்ச் பிளக். இதில் ஹெட்போன் பிளக்தான் ஆளை ஏமாற்றுவது. பார்க்க டெலிபோன் பிளக்கைப் போலவே இருக்கும், ஆனால் அதன் மூக்கு கொஞ்சம் தடிப்பு. டெலிபோன் துளையில் அழுத்தினால் போய்விடும். உள்ளே இருக்கும் பித்தளை நாக்கு விரிந்துவிடும். அப்புறம் அந்தத் துளைக்கு உரிய பிளக்கைச் சொருகினால் லொடலொடவென்று ஆடும், கரகரக்கும். நான் வருவதற்கு முன்னால் பாயே அப்படி ஒரு துளையை விரித்து வைத்திருந்தார். அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையால் ஒரு பெருக்கல் குறி போட்டு, "இது நான் பண்ணின அழகு" என்று வருகிறவர்களிடமெல்லாம் காட்டுவார்.

அவருடைய முறைகள் தனி. பதிவுக்கு உட்காருமுன் கைக்கடிகாரத்தையும் மோதிரத்தையும் கழற்றி மேஜை இழுப்பறையில் போடுவார். மின்விசிறியை நிறுத்துவார். பிளக்குகளை வெள்ளைத் துணியால் துடைத்து, நுனியை வெளிச்சத்தில் பார்த்து, பிறகுதான் சொருகுவார். சொருகுமுன் சத்தத்தைக் குறைப்பார். "மொதல்ல கொறை, அப்பறம் சொருகு. காது ஒரு தடவதான் படைச்சான்." எடுக்கும்போது வயரைப் பிடித்து இழுத்தால் அவருக்குத் தாங்காது. கத்தமாட்டார். "ஆஹிஸ்தா, ஆஹிஸ்தா" என்று, தூங்கும் குழந்தைக்குப் பக்கத்தில் பேசுகிற மாதிரி முணுமுணுப்பார். மெதுவா, மெதுவா என்று அர்த்தம். பிளக்கின் தலையைப் பிடித்துத்தான் எடுக்க வேண்டும்.

பாட்டுகளுக்கு நடுவே அவர் கடைப்பிடித்த முறை ஒன்று உண்டு. ஒரு பாட்டு முடிந்ததும் பாடுகிறவர்களின் ஹெட்போன் கயிற்றை உடனே எடுத்துவிட வேண்டும். "பாட்டு முடிஞ்சா ஜனங்க என்னென்னவோ பேசுவாங்க. பசிக்குதும்பாங்க, இவன் சரியா பாடலைம்பாங்க. அது அடுத்தவங்க காதுல விழக்கூடாது" என்பார்.

எங்களிடம் வந்தவர்கள் பாட்டுக்காரர்கள் மட்டும் இல்லை. பட்டாளத்திலோ அரபு நாட்டிலோ இருக்கும் பிள்ளைகளுக்குக் கடிதத்துக்குப் பதில் கேசட்டில் பேசி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். சித்தேரி மலையிலிருந்து ஒரு தாய் வந்தார். மகன் எல்லையில் காவலில் இருந்தான். மைக்கைப் பார்த்ததும் அந்த அம்மா வாயைத் திறக்கவே இல்லை. "இரும்புத் தடிகிட்ட என்னாத்த சொல்றது?" என்று எழுந்துவிட்டார். பாய் மைக்கை ஒரு பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டு என்னை அந்த அம்மாவுக்கு எதிரே உட்கார வைத்தார். "இந்தப் பொண்ணு உங்க ஊரு பக்கமே வந்ததில்லை. சொல்லுங்க" என்றார். அந்த அம்மா சாமை விளைந்த கதையிலிருந்து ஆரம்பித்தார். கரடி இறங்கியது, எருமை கன்று போட்டது, பஸ் பாதி மலையில் நின்றுபோனது என்று கேசட்டின் ஒரு பக்கம் முழுக்க என்னிடம் சொன்னார். கடைசியில் மட்டும் மைக்கின் பக்கம் திரும்பி, "நேரத்துக்குச் சாப்புடு சாமி" என்றார். எங்கே பேச வேண்டும் என்று அவருக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

சரி, பாட்டுக்கார அண்ணன் தங்கை சின்னசாமி, மாதம்மா விஷயத்துக்கு வருகிறேன். என் தொழில் வாழ்க்கையில் அதைவிடக் கடினமான பதிவு எதையும் நான் செய்யவில்லை.

ஆடி மாதம் நெருங்கினால் கடைக்கு வருகிறவர்கள் மாரியம்மன் பாட்டு கேட்பார்கள். அதிலும் பாலக்கோட்டுப் பக்கத்துக்காரர்கள், "சின்னசாமியும் தங்கச்சியும் பாடினது இருக்குதுங்களா?" என்றுதான் கேட்பார்கள். அண்ணன் உடுக்கை அடித்துக் கேள்வியாக ஒரு அடி பாட, தங்கை பதிலாக ஒரு அடி பாடுவது. சிறு வயதிலிருந்து கோயில் கோயிலாகப் பாடியவர்கள். கேசட் எதுவும் வந்திருக்கவில்லை. அவர்கள் சேர்ந்து பாடுவதை நிறுத்தியும் சில வருஷம் ஆகியிருந்தது.

யூசுப் பாய் இருவரையும் தனித்தனியே போய்ப் பார்த்தார். சின்னசாமி பாலக்கோட்டுக்குப் பக்கத்தில் தக்காளி போடுகிறவர். மாதம்மா வாழ்க்கைப்பட்டது கடத்தூர்ப் பக்கம். கணவர் காலமாகிவிட்டார், ஒரே மகன். இரண்டு பேரும் பாட ஒப்புக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஒரே நிபந்தனை வைத்தார்கள். முகம் பார்க்க முடியாது.

"எப்படி பாய்? கேள்வியும் பதிலுமா பாடறவங்க" என்றேன்.

"பலகை எதுக்கு இருக்குது?" என்றார் பாய்.

கிடங்கிலிருந்த கேசட் பெட்டிகளைச் சுவரோரமாக அடுக்கி, நடுவே ஒரு நாற்காலி போட இடம் செய்தோம். அட்டைப் பெட்டிகள் ஒலியை நன்றாகவே உறிஞ்சின. பெரிய அறையில் சின்னசாமிக்கு ஒரு மைக், கிடங்கில் மாதம்மாவுக்கு ஒரு மைக். அவர் குரல் டேப்பின் இடது பக்கம், இந்த அம்மாவின் குரல் வலது பக்கம். ஒருவர் பாடுவது மற்றவர் காதில் விழ வேண்டும். மிக்ஸரில் எங்களுக்கான துளைகள் போக, பாடுகிறவர்களுக்கென்று ஹெட்போன் துளை ஒன்றுதான் இருந்தது. இரண்டாவது ஹெட்போனுக்குப் பலகையிலிருந்துதான் ஒலி எடுக்க வேண்டும், ஆனால் அதன் தடித்த மூக்கைப் பலகையில் நுழைக்கக் கூடாது. ஒரு முனையில் டெலிபோன் பிளக்கும் மறுமுனையில் ஹெட்போன் பிளக்கைச் சொருகும் சாக்கெட்டும் வைத்து ஒரு கயிறு பற்றவைத்தேன். பாய் ஈயம் வைத்த இடங்களை நகத்தால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையாட்டினார். டேப் ஓடும்போது எரிவதற்கு ஒரு சிவப்பு பல்பு பெரிய அறையில் முன்பே இருந்தது. கிடங்கிலும் ஒன்று மாட்டினோம்.

மாதம்மா முதலில் வந்தார். வெள்ளை நூல் புடவை, நெற்றியில் திருநீறு. கிடங்கில் உட்கார வைத்து ஹெட்போனை மாட்டும்போது கேட்காமலேயே சொன்னார்.

"எங்கண்ணன் மக கல்யாணம் கண்ணு. நான்தான் அத்தைக்காரி, ஆசையா மணவறை கிட்ட போய் நின்னேன். மாப்பிள்ள வூட்டுக்காரங்க, 'தாலி அறுத்தவ முன்னால நிக்க வேணாம், பின்னால போகச் சொல்லுங்க'ன்னாங்க. அவுங்க சொல்லட்டும். அவுங்க யாரோ. எங்கண்ணன் அங்கதான் நின்னுகிட்டு இருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லலை."

சொல்லிவிட்டு ஹெட்போனைத் தாமே சரிசெய்துகொண்டார். "நான் சாப்புடாம பஸ் ஏறினேன். அவ்வளவுதான்."

சின்னசாமி வந்தபோது கிடங்குக் கதவு சாத்தியிருந்தது. தோளில் உடுக்கை, கட்டம் போட்ட துண்டு. மெலிந்த ஆள். மாடிப்படி ஏறியதில் மூச்சு வாங்க, பெரிய அறையில் உட்கார்ந்தார். கதவுப் பக்கம் அவர் பார்க்கவே இல்லை. "வந்துட்டாளா?" என்று மட்டும் கேட்டார். வந்துவிட்டார் என்றேன்.

தெருவில் சந்தடி குறைந்த மத்தியான வேளையில் ஆரம்பித்தோம். விசிறி நின்றதும் மூன்று அறைகளும் வெந்தன. சிவப்பு பல்பு எரிந்தது. உடுக்கை குமுறி, சின்னசாமி முதல் அடியை எடுத்தார். கிடங்கிலிருந்து பதில் வந்தது. கண்ணில் படாத இருவர், இடையில் என் கையளவு கயிறு. ஆனால் ஒருவர் விட்ட இடத்தில் மற்றவர் எடுத்ததில் ஒரு மயிரிழை இடைவெளி இல்லை.

மூன்றாவது பாட்டு முடிந்ததும் வழக்கப்படி கயிறுகளை எடுத்தேன். கிடங்குக் கதவு திறந்தது. மாதம்மா வாசலிலேயே நின்றுகொண்டு, என்னைக் கிட்டே வரச் சொல்லித் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"எங்கண்ணனுக்கு இழுப்பு இருக்குதா கண்ணு?"

"தெரியலீங்களே."

"அடி முடியற எடத்துல மூச்சு விசிலடிக்குது. கோயில்ல பக்கத்துலயே நின்னு பாடினப்பகூட இப்படிக் கேட்டதில்ல. இது காதுக்குள்ளாறயே கேக்குது. எங்கப்பனுக்குக் கடைசியில இப்படித்தான் இருந்துச்சு."

ஹெட்போன் அப்படித்தான். மைக்குக்கும் உதட்டுக்கும் இருக்கும் தூரம்தான் காதுக்கும் இருக்கும். கூட்டத்தில் அமுங்கிப் போகிறது எல்லாம் அதில் தெரிந்துவிடும்.

அவர் கொஞ்ச நேரம் புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டு நின்றார். பிறகு, "எனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு சொல்லு. சுருதியக் கொஞ்சம் எறக்கிப் பாடச் சொல்லு. நான் சொன்னேன்னே சொல்லு" என்றார்.

நான் பெரிய அறைக்குப் போனேன். "அவங்களுக்குத் தொண்டை கட்டியிருக்காம். சுருதியைக் கொஞ்சம் எறக்கிக்கலாமாங்க?"

சின்னசாமி என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"மாதம்மாவுக்கா?"

"ஆமாங்க."

"அவ தொண்டையா?" என்றார். லேசாகச் சிரிக்கப் பார்த்தார், சிரிப்பு வரவில்லை. துண்டை எடுத்து உடுக்கைத் தோலைத் துடைத்தார். அதில் ஈரம் ஒன்றும் இல்லை. "விடிய விடியப் பாடிட்டு வந்து களை எடுப்பா. செரி கண்ணு. எறக்கிக்கலாம்."

அடுத்த பாட்டைத் தாழ்த்திப் பாடினார்கள். சின்னசாமியின் குரல் இளகி, அடி முடியும் இடத்தில் விசில் கேட்கவில்லை. மாதம்மாவின் குரலுக்கு அது பழக்கமில்லாத ஆழம், கஷ்டப்பட்டுத்தான் இறங்கினார். ஒரு இடத்திலும் அதைக் காட்டிக்கொள்ளவில்லை. பாட்டு முடிந்தது. உடுக்கையின் கடைசி அதிர்வு அடங்கும்வரை டேப்பை ஓடவிட வேண்டும். அதற்காகக் காத்திருந்தேன். என் கை ஹெட்போன் கயிற்றின் மேல் இருந்தது.

அப்போது சின்னசாமி மைக்கிலேயே, "கண்ணு, நான் பேசறது தங்கச்சிக்குக் கேக்குதா?" என்றார்.

பாடுகிறவர்களோடு பேசுவதற்கான பொத்தானை அமுக்கி, "கேக்குதுங்க" என்றேன்.

"அப்ப அறுத்துடாத. ரெண்டு வார்த்தை பேசிக்கறேன்."

கதவுக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மாதம்மாவின் இரண்டு கைகளும் ஹெட்போனைக் கழற்றுவதற்காகக் காதுகளுக்குப் போயிருந்தன. அங்கேயே நின்றன. பிறகு கழற்றாமல், அப்படியே காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டார்.

நான் பாயைப் பார்த்தேன். கயிற்றை எடுக்க வேண்டும் என்பது அவர் வைத்த முறை. டேப் ஓடிக்கொண்டிருந்தது. மிஷினை நிறுத்தினால் இரண்டு அறையிலும் சிவப்பு பல்பு அணைந்துவிடும், வேலை முடிந்ததென்று சின்னசாமி வாயை மூடிவிடுவார். பாய் மேஜையிலிருந்து மறுமுனையில் எதுவும் இல்லாத ஒரு வெறும் பிளக்கை எடுத்தார். துணியில் துடைத்தார். பலகையில் டேப்புக்குப் போகும் துளைகளில் ஒன்றில் அதைச் சொருகினார். இன்னொன்றை எடுத்து அடுத்ததில் சொருகினார். வழி அறுந்துவிட்டது. பல்பு எரிந்தது, டேப் சுற்றியது, அதில் எதுவும் பதியவில்லை.

டெலிபோனில் எங்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவது, இரண்டு பேரைச் சேர்த்துவிட்டால் நம் காதை எடுத்துவிட வேண்டும் என்பது. என் ஹெட்போனைக் கழற்றி மடியில் வைத்தேன். பாய் தம்முடையதைக் கழற்றினார்.

மிக்ஸரில் இரண்டு முட்கள் உண்டு, ஒலி எவ்வளவு வருகிறதென்று காட்ட. இடது முள் அசைந்தது. நிற்கும், அசையும், வெகுநேரம் நிற்கும், மறுபடி அசையும். வலது முள் படுத்தே கிடந்தது. தெருவில் ஒரு தக்காளி லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. எனக்கு அந்த லாரிமேல் அப்படி ஒரு கோபம் வந்தது. பிறகு இடது முள் படுத்துவிட்டது. எழவே இல்லை. ஜன்னலில் பார்த்தேன், சின்னசாமி தலையைக் குனிந்துகொண்டிருந்தார். பாயின் உதடுகள் அசைந்தன. ஓதினாரோ என்னவோ.

வலது முள் எழுந்தது. சின்னதாக, ஒரு சொல் அளவுக்கு. அப்புறம் துள்ளி மேலே போய் நடுங்கியது. அது பேச்சில்லை என்று முள்ளைப் பார்த்தே தெரிந்தது.

கொஞ்ச நேரத்தில் கிடங்குக் கதவு திறந்தது. மாதம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"அந்த ரூமுல இன்னொரு ஆளு நிக்க எடம் இருக்குங்களா பாய்?"

"தாராளமா இருக்குதும்மா" என்றார் பாய்.

கடைசிப் பாட்டை ஒரே அறையில், ஒரே மைக்கின் முன்னால் பாடினார்கள். அதற்கு நான் இரண்டு கயிறுகளை எடுத்து ஒன்றைச் சொருகினேன், அவ்வளவுதான். பதிவு என்ற முறையில் அதில் குறைகள் உண்டு. உடுக்கை தூக்கலாக இருந்தது, மாதம்மா பாதி நேரம் மைக்கை விட்டு அண்ணன் பக்கமே திரும்பி நின்றார். திரும்ப எடுக்கலாமா என்று நான் கேட்கவில்லை. பாயும் கேட்கவில்லை. ஆடிக்குக் கேசட் வந்தது, சுற்றுவட்டாரத்துக் கோயில்களிலெல்லாம் குழாய் ஸ்பீக்கரில் பாடியது.

அன்று அவர்கள் என்ன பேசினார்கள் என்று நாங்கள் விசாரிக்கவில்லை. அவர்களும் சொல்லவில்லை.

சில வருஷம் கழித்து மாதம்மாவின் மகனுக்குக் கல்யாணம். கடத்தூரில் நடந்தது. எங்கள் இருவரையும் அழைத்திருந்தார். போனபோது மண்டபத்து மைக்செட் ஊளையிட்டுக்கொண்டிருந்தது. பாய் உட்காரக்கூட இல்லாமல் போய் அதைச் சரிசெய்துவிட்டு வந்தார். மேடையில் தாய்மாமன் சின்னசாமிக்கு முன்னால் இடம் போட்டிருந்தார்கள். நன்றாகவே இளைத்திருந்தார். மாப்பிள்ளையைப் பெற்ற மாதம்மா எங்கே என்று தேடினேன். சமையல்கட்டு வாசலில், தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். முகூர்த்தம் நெருங்கிக்கொண்டிருந்தது. பெண் வீட்டுப் பெரியவர் ஒருவர், "நல்ல நேரம், அவங்க அங்கயே இருக்கட்டும்" என்று மெதுவாகச் சொன்னது எனக்கே கேட்டது.

சின்னசாமி எழுந்தார். உடனே பேச முடியவில்லை, மூச்சு சேர வேண்டியிருந்தது. மேளத்தைக் கையால் அமர்த்தினார்.

"மாதம்மா, இங்க வா."

மண்டபம் மொத்தமும் திரும்பியது. மாதம்மா நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை. சின்னசாமி மறுபடி மூச்சைச் சேர்த்தார்.

"பெத்தவளுக்கு எடமில்லாத மேடையில மாமனுக்கு எதுக்குங்க எடம்? வா சாமி. நீ வந்து நின்னாத்தான் தாலி."

கூட்டம் விலகி வழிவிட, அந்த வெள்ளைப் புடவை மேடையை நோக்கி மெதுவாகப் போனது. பாய் என் பக்கமாகக் குனிந்தார்.

"கேட்டுச்சா விஜயாம்மா?"

"கேட்டுச்சுங்க பாய்" என்றேன்.